கையை நீட்டிக் காட்டுங்கள்

1995 டிசம்பர் 26, மெல்போர்ன். ஆஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான டெஸ்ட் போட்டியின் முதல் நாள். கண்டியிலிருந்து வந்திருந்த 23 வயது முத்தையா முரளிதரன் பந்துவீச, நடுவர் டேரல் ஹேர் ‘நோ பால்’ என்று கையை நீட்டினார். மறுபடியும் நீட்டினார். மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை. முரளி பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது அவர் தீர்ப்பு.

அன்று தொடங்கிய சர்ச்சையில் பல ஆண்டுகள் ஒரே ஒரு மனிதனின் வலது முழங்கையைக் கிரிக்கெட் உலகம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. முரளிக்குப் பிறவியிலேயே அந்த முழங்கை முழுவதும் நீளாது. எவ்வளவு முயன்றாலும் ஒரு வளைவு மிச்சம் இருக்கும். வளைந்த கையோடு பந்துவீசுவதை விதி தடுப்பதில்லை. கை தோள் உயரத்துக்கு வந்த நொடியிலிருந்து பந்து விரலை விட்டுப் பிரியும் நொடிக்குள் முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்பதுதான் கேள்வி. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவர் கையில் சிறு குறிப்பான்களை ஒட்டி, சுற்றிலும் கேமராக்களை வைத்து அளந்தார்கள். 2004-இல், வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திரும்பும் அவருடைய ‘தூஸ்ரா’ பந்தில் முழங்கை சராசரியாக 14 டிகிரி நிமிர்வது தெரிந்தது. சுழற்பந்து வீச்சாளருக்கு அன்று இருந்த வரம்பு 5 டிகிரி. ஆனால் சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி மற்றவர்களையும் படம்பிடித்து அளந்தபோது வெளிவந்த செய்தி பலரைத் திகைக்க வைத்தது. நேரான கையோடு வீசுவதாக எல்லோரும் நம்பியவர்கள் உட்பட, ஏறத்தாழ எல்லாப் பந்துவீச்சாளர்களின் முழங்கையும் ஓரளவு நிமிரத்தான் செய்கிறது. வெறுங்கண்ணுக்கு அது பிடிபடவில்லை, அவ்வளவுதான். 2005-இல் எல்லோருக்கும் 15 டிகிரி என்று வரம்பு மாறியது. 2010-இல் காலேயில் 800-ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு முரளி விடைபெற்றார்.

அனுபவம் மிக்க நடுவரின் கண்ணையே ஒரு முழங்கை ஏமாற்றியது எப்படி? அது ஒரே திசையில் இயங்கும் மூட்டு இல்லை என்பதுதான் காரணம். மடங்குவது ஒரு பக்கம், முன்கை உருள்வது இன்னொரு பக்கம், தோள் திரும்புவது வேறு. ஒரு கோணத்திலிருந்து பார்க்கிறவருக்கு இவை ஒன்றாகக் கலந்துதான் தெரியும். இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், கீழே விழுந்து கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளையின் முழங்கையில் என்ன நேர்ந்திருக்கும் என்பதைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். எந்த அசைவு போயிற்று என்று தெரிந்தால், எது அடிபட்டது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இலையில் கை வைத்துச் சோற்றைப் பிசையும்போது உள்ளங்கை கீழே பார்க்கிறது. கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது முழங்கை மடங்குகிறது. கூடவே முன்கை உருண்டு உள்ளங்கை முகத்தின் பக்கம் திரும்புகிறது. இந்த இரண்டு அசைவுகளும் வெவ்வேறு மூட்டுகளில் நடக்கின்றன. மேற்கையில் இருப்பது ஒரே எலும்பு, ஹியூமரஸ். முன்கையில் இரண்டு: சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். போல்ட்டைக் கவ்வும் ஸ்பேனர் மாதிரி அல்னாவின் மேல்முனை ஹியூமரஸின் கீழ்முனையை முன்னும் பின்னும் கவ்விப் பிடித்திருக்கிறது. மடக்குவதும் நீட்டுவதும் இங்கே. மேசையில் கையை ஊன்றும்போது இடிக்கிறதே, அந்த முனை அல்னாவின் பின்பக்கம்தான். ஒலிகிரேனான் என்று பெயர். ரேடியஸின் தலை வட்டமானது. அதைச் சுற்றி ஒரு வளைய ஜவ்வு ஓடி, அல்னாவோடு அணைத்து வைத்திருக்கிறது. அந்த வளையத்துக்குள் ரேடியஸின் தலை சுழல்வதால்தான் உள்ளங்கை மேலும் கீழும் திரும்புகிறது. ரேடியஸின் தலை ஹியூமரஸோடும் ஓரிடத்தில் தொட்டு நிற்கிறது. ஆக மூன்று மூட்டுகள். மூன்றையும் ஒரே உறை மூடியிருக்கிறது. ஓரிடத்தில் அடிபட்டால் முழு மூட்டும் இறுகிப்போவதற்கு இந்தப் பொது உறையும் ஒரு காரணம்.

நல்ல நிலையில் உள்ள முழங்கை நேர்கோட்டிலிருந்து 140 முதல் 145 டிகிரி வரை மடங்கும். சிலருக்கு நீட்டும்போது நேர்கோட்டையும் தாண்டிச் சில டிகிரி பின்னால் போகும். பெண்களிடம் இது அதிகம். உள்ளங்கையை மேலே திருப்ப 80, 85 டிகிரி. கீழே திருப்ப அதைவிடச் சற்றுக் குறைவு. இவ்வளவும் அன்றாட வாழ்வுக்குத் தேவைதானா என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பெர்னார்ட் மோரியும் கூட்டாளிகளும் 1981-இல் அளந்து பார்த்தார்கள். பெரும்பாலான வேலைகள் 30 முதல் 130 டிகிரி வரையிலான மடக்கத்திலும், உள்ளங்கையை இருபுறமும் ஐம்பது ஐம்பது டிகிரி திருப்புவதிலும் முடிந்துவிடுகின்றன. அதனால் முழங்கை கொஞ்சம் நீளாமல் போனவர் பெரிய இடைஞ்சல் இல்லாமல் வாழ்ந்துவிடுவார். மடங்காமல் போனவர் பாடு அப்படியில்லை. சாப்பிடவும் முகம் கழுவவும் தலை வாரவும் அவர் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். முப்பது ஆண்டுகள் கழித்து நடந்த இன்னோர் ஆய்வில், செல்போனைக் காதில் வைக்க 140 டிகிரிக்கு மேல் மடக்க வேண்டியிருப்பது தெரிந்தது.

இன்னொரு கோணத்தையும் சொல்லிவிட வேண்டும். கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையை முன்னால் காட்டி நின்றால், முன்கை உடம்பை விட்டுச் சற்று வெளியே சாய்ந்திருக்கும். ஆண்களுக்குச் சுமார் 5 முதல் 10 டிகிரி, பெண்களுக்கு 10 முதல் 15. இடுப்பில் தட்டாமல் குடத்தையும் வாளியையும் தூக்கிப்போக இந்தச் சாய்வு உதவுகிறது. மருத்துவர்களுக்கு இது ஒரு முக்கியமான தடயம். சிறுவயதில் உடைந்த எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தால் இந்தச் சாய்வு கூடியிருக்கும், குறைந்திருக்கும், சில சமயம் உள்பக்கமாகத் திரும்பியே போயிருக்கும். ஆளுக்கு ஆள் அளவு மாறுவதால், ஒரு முழங்கையைச் சோதிக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது அடிபடாத மறு கையைத்தான். அதுவே அவருக்கான அளவுகோல்.

நல்ல எலும்பு மருத்துவர் முழங்கையில் உடனே கை வைக்க மாட்டார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்பார். உள்ளங்கையை ஊன்றி விழுந்தால் அடி முன்கை வழியாக ஏறி ரேடியஸ் தலையையோ ஹியூமரஸின் கீழ்முனையையோ தாக்கும். முழங்கை முனையே தரையில் மோதினால் ஒலிகிரேனான் உடையும். பிறகு கண்ணால் பார்ப்பார்: வீக்கம், நீலம் பாய்தல், சாய்வில் மாற்றம். வலிக்காத இடத்திலிருந்து தொடங்கி வலிக்கும் இடத்தைக் கடைசியில் தொடுவார். முதலில் நோயாளி தானாக அசைக்க வேண்டும், அப்புறம்தான் மருத்துவர் அசைத்துப் பார்ப்பார். இந்த வரிசை நோயாளியின் வலியைக் குறைப்பதோடு, அவர் தசையை இறுக்கிக்கொண்டு ஒத்துழைக்காமல் போவதையும் தடுக்கிறது.

நீட்டிக் காட்டச் சொல்லும் எளிய சோதனைக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் ஐந்து அவசரப் பிரிவுகளில் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். முழங்கையில் அடிபட்டு வந்த 1740 பேரில் 602 பேர் கையை முழுவதும் நீட்டினார்கள். அவர்களில் எலும்பு முறிந்திருந்தவர்கள் 17 பேர்தான். நீட்ட முடியாமல் போனவர்களிலோ ஏறத்தாழ பாதிப் பேருக்கு முறிவு இருந்தது. காரணம் எளிது. மூட்டுக்குள் எலும்பு உடைந்தால் ரத்தம் கசிந்து உறை உப்பும். உப்பிய உறைக்கு முழுவதும் நீண்ட நிலை தாங்காது. பாதி மடங்கிய நிலையில்தான் அதற்கு அதிக இடம் கிடைக்கும். அடிபட்டவர் கையைப் பாதி மடக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு வருவதற்குக் காரணம் இதுதான். எக்ஸ்ரேயில் முறிவுக்கோடே தெரியாமல் இருக்கலாம். ஆனால் உப்பிய உறை, எலும்பை ஒட்டியிருக்கும் கொழுப்புத் திட்டை வெளியே தள்ளியிருக்கும். அது கறுப்பு நிழலாகத் தெரியும். அந்த நிழலைக் கண்ட மருத்துவர் முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு சிகிச்சை தொடங்குவார். நீட்ட முடிந்துவிட்டால் கவலையே வேண்டாம் என்றும் இருந்துவிடக் கூடாது. அந்த 17 பேரும் நீட்டியவர்கள்தான். ஐந்தாறு நாளில் வலி குறையவில்லை என்றால் மறுபடியும் காட்ட வேண்டும்.

எக்ஸ்ரே இல்லாத காலத்து மருத்துவர்கள் விரல்களாலேயே படித்த ஒரு குறிப்பு இன்றும் பயன்படுகிறது. முழங்கையின் இரு பக்கங்களிலும் ஒவ்வோர் எலும்பு மேடு தட்டுப்படும். பின்னால் ஒலிகிரேனான் முனை. கையை நீட்டினால் இந்த மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். 90 டிகிரி மடக்கினால் முக்கோணமாகும். முழங்கைக்குச் சற்று மேலே ஹியூமரஸ் உடைந்திருந்தால் மூன்று புள்ளிகளும் சேர்ந்தே நகர்ந்திருக்கும், முக்கோணம் கலையாது. மூட்டு நழுவியிருந்தால் முக்கோணம் கலைந்துவிடும். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே வீங்கியிருக்கும் இரண்டு காயங்களை மூன்று விரல்கள் பிரித்துச் சொல்லிவிடுகின்றன.

பெரியவர்களுக்குத் தோளுக்கு அடுத்தபடி அதிகம் நழுவும் பெரிய மூட்டு முழங்கை. பெரும்பாலும் முன்கை பின்பக்கமாக நழுவும். சீக்கிரம் சரிசெய்ய வேண்டிய அவசரம் அது; எலும்பு உடைந்திருக்கிறதா, நரம்பும் ரத்தக்குழாயும் சரியா என்று பார்த்து, மயக்கமோ வலிமருந்தோ கொடுத்து மருத்துவமனையில் செய்ய வேண்டிய வேலை. பெரியவர்களின் முழங்கை முறிவுகளில் அதிகம் காணப்படுவது ரேடியஸ் தலை முறிவு. இதில் மடக்குவதைவிட உள்ளங்கையைத் திருப்புவதுதான் அதிகம் வலிக்கும். முழங்கையின் வெளிமேட்டுக்குச் சற்றுக் கீழே விரலை வைத்துக்கொண்டு முன்கையை உருட்டினால் அந்தத் தலை சுழல்வது விரலுக்குத் தெரியும். அங்கே சுருக்கென்று வலித்தால் சந்தேகம் வலுக்கும். எலும்பு விலகாத முறிவு என்றால் சில நாள் கையைக் கழுத்தோடு கட்டித் தாங்கிவிட்டு அசைக்கத் தொடங்கச் சொல்வார்கள். “உடைஞ்ச கையை இப்பவே ஆட்டச் சொல்றாரே” என்று வீட்டில் பதறுவார்கள். முழங்கையைப் போல் சீக்கிரம் இறுகும் மூட்டு உடம்பில் அதிகம் இல்லை. மூன்று நான்கு வாரம் அசையாமல் கட்டி வைத்தால், எலும்பு சேர்ந்தபின்னும் மூட்டு நீள மறுக்கும்.

அடிபடாமலே வரும் வலி வேறு கதை. டென்னிஸ் எல்போ என்ற பெயரை நம் ஊரில் பலர் முதன்முதலில் கேட்டது 2004-இல், சச்சின் டெண்டுல்கரின் இடது முழங்கை வலித்தபோது. 2005 மே மாதம் லண்டனில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராக 93 ரன் அடித்துத் திரும்பினார். ஆனால் இந்த வலியோடு மருத்துவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மட்டையைத் தொடாதவர்கள். துணி பிழிகிறவர்கள், நிறைந்த பாத்திரத்தை ஒற்றைக் கையால் தூக்குகிறவர்கள், பரோட்டா மாவு பிசைகிறவர்கள், நாள் முழுதும் திருப்புளி பிடிக்கும் எலக்ட்ரீஷியன்கள், தச்சர்கள். 35 முதல் 55 வயதுக்குள் அதிகம். மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகளில் பெரும்பாலானவை முழங்கையின் வெளிமேட்டில்தான் வேரூன்றியிருக்கின்றன. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டை நிமிர்த்தி நிறுத்த இந்தத் தசைகள் வேலை செய்ய வேண்டும். அதனால் நோவு முழங்கையில் இருக்க, நோக வைப்பது மணிக்கட்டின் வேலையாக இருக்கிறது.

சோதனையும் அதையொட்டியே. முழங்கையை நீட்டி, கைமுட்டியை மூடி, மணிக்கட்டை மேலே நிமிர்த்தச் சொல்லி மருத்துவர் மேலிருந்து அழுத்துவார். வெளிமேட்டில் வலி பாய்ந்தால் பெரும்பாலும் இதுதான். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கச் சொன்னாலும் அதே வலி வரும். உள்மேட்டில் வலி, மணிக்கட்டை மடக்கும்போது வலி என்றால் அது கோல்ஃபர் எல்போ. இரண்டுக்கும் ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது.

வெகுகாலம் டென்னிஸ் எல்போவை அழற்சி நோய் என்றே எண்ணி வந்தார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் நிர்ஷல் 1979-இல் அறுவையில் எடுத்த திசுக்களை ஆராய்ந்தபோது, அங்கே அழற்சிச் செல்கள் இல்லை. தேய்ந்து சிதைந்து சரியாக ஆறாத தசைநாண் இழைகளும் புதிதாக முளைத்த ரத்தக்குழாய்களும்தான் இருந்தன. இந்த உண்மைக்குச் சிகிச்சையில் பெரிய விளைவு உண்டு. நம் ஊர்களில் இன்றும் முழங்கை வலி என்றதும் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடுகிறார்கள். போட்ட சில வாரங்களுக்கு வலி பறந்துவிடும். நோயாளிக்கும் திருப்தி, மருத்துவருக்கும் நல்ல பெயர். பிரிஸ்பேனில் 165 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு அதற்குப் பிந்திய கதையைச் சொல்கிறது. ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டு போட்டவர்களில் 83 சதவீதம் பேர் நன்கு குணமாகியிருந்தார்கள். வெறும் மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 96 சதவீதம். வலி திரும்பி வந்தது முதல் கூட்டத்தில் 54 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 12 சதவீதம் பேருக்கு. ஒன்றுமே போடாதது மேல் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. வலி தரும் வேலையைக் குறைத்து, எடைகளைத் தூக்கும் விதத்தை மாற்றி, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியைப் பொறுமையாகச் செய்தால் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானே அடங்கிவிடும். ஓராண்டு என்பது கூலி வேலை செய்கிறவருக்கு எவ்வளவு நீளம் என்பது தெரியாமல் இல்லை. பொருளைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கும்படி, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துத் தூக்குவது அன்றைக்கே பலன் தரும் ஒரு மாற்றம்.

எறிகிறவர்களுக்கு அடிபடுவது உள்பக்க ஜவ்வு. ஈட்டியும் பேஸ்பால் பந்தும் கையை விட்டுப் போகும் முன் முழங்கையின் உள்பக்கம் பிளந்து திறக்கும் அளவுக்கு இழுபடுகிறது. 1974-இல் டாமி ஜான் என்ற பேஸ்பால் வீரருக்கு இந்த ஜவ்வு கிழிந்தபோது அறுவை மருத்துவர் ஃபிராங்க் ஜோப் மணிக்கட்டின் தசைநாண் ஒன்றை எடுத்து அங்கே பொருத்தினார். அந்த வீரர் மீண்டு வந்து இன்னும் 164 ஆட்டங்களை வென்றார். அந்த அறுவைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. ஈட்டி வீரர் நீரஜ் சோப்ராவும் 2019-இல் வலது முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்தான். இரண்டு ஆண்டு கழித்து டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றது அந்தக் கைதான்.

முழங்கை எங்காவது இடித்தால் சுண்டுவிரல் வரை கரண்டு அடித்தமாதிரி ஓடும். உள்மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில், தோலுக்கு அடியிலேயே அல்னார் நரம்பு ஓடுவதால் அது நேர்கிறது. முழங்கையை மடக்கும்போது இந்த நரம்பு நீட்டப்படுகிறது, பள்ளமும் குறுகுகிறது. மணிக்கணக்கில் போனைக் காதில் பிடிப்பவர்களுக்கும், கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குகிறவர்களுக்கும் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போவது இதனால்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் இடையில் ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்ப்பார்கள். நரம்பு பழுதானவரால் கட்டைவிரலை நேராக வைத்துப் பிடிக்க முடியாது. விரல்நுனியை மடக்கித்தான் பிடிப்பார்.

நம் மண்ணில் இந்த நரம்புக்கு இன்னொரு வரலாறு உண்டு. தொழுநோய் அதிகம் தாக்கும் நரம்புகளில் முன்னிற்பது இதுதான். தடித்துக் கயிறுபோல் விரலுக்குத் தட்டுப்படும். முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டிப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர் தேடுவது அந்தத் தடிப்பைத்தான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தத் தொடங்கினார். கையையே இழந்ததாக எண்ணியிருந்தவர்கள் அதன்பின் கைத்தொழில் செய்தார்கள். விரல் மடங்கும் வரை காத்திராமல், சுண்டுவிரல் மரத்த அன்றே காட்டினால் மாத்திரையே காப்பாற்றிவிடும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி குழந்தைகள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்குகிறோம். பேருந்தில் ஏற்ற ஒரு கையை வெடுக்கென்று இழுக்கிறோம். கையைப் பிடித்துச் சுற்றி விளையாட்டுக் காட்டுகிறோம். திடீரென்று குழந்தை அழும். அழுகை நின்றபின்னும் அந்தக் கையைத் தூக்காது. சற்று மடங்கி, உள்ளங்கை கீழே பார்க்க, கை பக்கவாட்டில் தொங்கும். வீக்கம் இருக்காது. ரேடியஸ் தலையைச் சுற்றிய வளைய ஜவ்வு அந்த வயதில் இறுக்கமாக இருப்பதில்லை. இழுத்ததும் எலும்பு நழுவி ஜவ்வு இடையில் சிக்கிக்கொள்கிறது. பழக்கமுள்ள மருத்துவர் முன்கையை ஒருமுறை திருப்பினாலே ‘க்ளுக்’ என்று உள்ளே போய்விடும். சில நிமிடங்களில் குழந்தை அதே கையால் பிஸ்கட்டை வாங்கும். எலும்பு மருத்துவத்தில் இவ்வளவு சீக்கிரம் மகிழ்ச்சி தரும் சிகிச்சை வேறு இல்லை. ஆனால் குழந்தை விழுந்திருந்தாலோ வீக்கம் இருந்தாலோ இது அந்தப் பிசகு இல்லை. அப்போது திருப்பிப் பார்ப்பது பெரும் தவறு.

ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் மரத்திலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ கையை ஊன்றி விழும்போது உடைவது ஹியூமரஸின் கீழ்முனை, மூட்டுக்குச் சற்று மேலே. அந்த இடத்தில் எலும்பு மெல்லிய தகடாக இருக்கிறது. அதை ஒட்டியே கைக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியத் தமனியும் நரம்புகளும் ஓடுகின்றன. இந்த வயதில் மூட்டின் பெரும்பகுதி குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. முழங்கையில் ஆறு இடங்களில் எலும்பாக்கம் ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழ 1, 3, 5, 7, 9, 11 வயதுகளில் தோன்றும். அந்த வரிசை தெரியாதவருக்கு இயல்பான குழந்தையின் படம்கூட உடைந்ததாகத் தெரியும்; உடைந்தது இயல்பாகவும் தெரியும். வெளிப்பக்கக் குமிழின் முறிவு அப்படித் தவறிப்போவதுண்டு. சேராமல் விட்ட அந்த முறிவு முழங்கையை வெளியே சாய்த்துக்கொண்டே போய், இருபது முப்பது ஆண்டு கழித்து அல்னார் நரம்பை நசித்து, நடுத்தர வயதில் கைவிரல்களைச் செயலிழக்கச் செய்யும்.

வலியில் இருக்கும் பிள்ளையின் நரம்புகளைச் சோதிக்க மருத்துவர்கள் ஒரு விளையாட்டையே பயன்படுத்துகிறார்கள். கல், காகிதம், கத்தரி. கைமுட்டி மூடினால் மீடியன் நரம்பு சரி. விரல்களையும் மணிக்கட்டையும் நிமிர்த்திக் காகிதம் காட்டினால் ரேடியல் நரம்பு சரி. இரு விரலை விரித்துக் கத்தரி காட்டினால் அல்னார் சரி. கடைசியாகக் கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்வார்கள். ஹியூமரஸின் கீழ்முனை முறிவில் அதிகம் அடிபடுவது மீடியன் நரம்பின் கிளை ஒன்று; வட்டம் வராவிட்டால் அது அடிபட்டிருக்கிறது. பிறகு மணிக்கட்டில் நாடி, நகத்தை அழுத்திவிட்டால் திரும்பும் சிவப்பு.

இவ்வளவு நுணுக்கமான இடத்தில்தான் நாம் எண்ணெய் தடவி உருவிவிடுகிறோம். முழங்கையை அடிபட்டபின் உருவினால், கிழிந்த தசைக்குள் எலும்பு வளரத் தொடங்கும் ஆபத்து உண்டு. மேற்கையின் முன்தசையில் வளரும் அந்தப் புதிய எலும்பு மூட்டை நிரந்தரமாகப் பூட்டிவிடும். வலுக்கட்டாயமாக மடக்கி நீட்டி ‘பழக்குவதும்’ அப்படித்தான். இன்னும் பயங்கரம் இறுக்கக் கட்டுவது. அடிபட்ட கை அடுத்த நாள் வரை வீங்கிக்கொண்டே போகும். மூங்கில் தப்பையும் துணியும் வைத்து இறுக்கிய நாட்டுக்கட்டானாலும் சரி, மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டானாலும் சரி, வீக்கத்துக்கு இடம் விடாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் நின்றுபோகும். சுமார் ஆறு மணி நேரத்தில் தசை மாளத் தொடங்கும். செத்த தசை தழும்பாகச் சுருங்கி, மணிக்கட்டும் விரல்களும் நிரந்தரமாக மடங்கிப்போகும். ஜெர்மனியின் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் இறுக்கக் கட்டியதால் வரும் இந்தக் கேட்டை 1881-லேயே எழுதிவைத்தார். புத்தூர்க் கட்டு போன்ற நாட்டுக்கட்டின் மேல் நம் மக்களுக்குள்ள நம்பிக்கை எளிதில் போகாது, எல்லாக் கட்டும் கேடு செய்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் குழந்தையின் முழங்கை மட்டும் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் இடமாக இருக்கக் கூடாது.

பிள்ளை விழுந்து முழங்கை வீங்கினால், கை இருக்கும் நிலையிலேயே ஒரு துண்டால் கழுத்தோடு கட்டித் தாங்கி, எக்ஸ்ரேயும் எலும்பு மருத்துவரும் உள்ள அரசு மருத்துவமனைக்கு அன்றே கொண்டுபோங்கள். கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தபின், ராத்திரி பிள்ளை வலி தாங்காமல் அழுதால் “கட்டுப் போட்டா வலிக்கத்தான் செய்யும்” என்று சமாதானம் சொல்லாதீர்கள். விரல்களை நீங்கள் மெதுவாக நிமிர்த்தும்போது வலி கூடுகிறதா, விரல் வெளுத்தோ சில்லென்றோ மரத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே கிளம்புங்கள். கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள்.